யானைக் காவலும் பீடியும்: புகைத்தலை விட்டு 11 நாட்கள், இரவுத் தவிப்பை எப்படிக் கடப்பது?

கேள்வி: வரம்பு நடப்பவன் (துணுக்காய்)

வணக்கம் உறவுகளே. எனக்கு வயது 41. 19 வயதில் தொடங்கிய புகைத்தலை நிறுத்தி இன்றோடு 11 நாட்கள் ஆகின்றன. பகலில் எட்டோ பத்தோ சிகரட்டும், வயற்காவலுக்குப் போகும் இரவுகளில் அரைக்கட்டுப் பீடியும் என் வழக்கமாக இருந்தன. நெல் மூட்டையைத் தோளில் ஏற்றி உழவு இயந்திரப் பெட்டிவரை நடப்பதற்குள் மூச்சு வாங்கத் தொடங்கியதால்தான் இந்த முடிவை எடுத்தேன்.

முதல் மூன்று நாட்கள் தலையிடியும் எரிச்சலும் நித்திரையின்மையுமாகக் கழிந்தன. அவை இப்போது பெரும்பாலும் அடங்கிவிட்டன. பகலில் வேலையோடு வேலையாக மறந்தும் போகிறேன். என் சிக்கல் இரவுதான். கதிர் முற்றும் காலம் என்பதால் அயல் வயற்காரர் நால்வர் சேர்ந்து யானைக் காவல் இருக்கிறோம். இரவு 9 மணிக்குப் பரணில் ஏறினால் விடியும்வரை அங்கேதான். மற்ற மூவரும் புகைப்பவர்கள். பனி இறங்கும் நேரத்தில் அவர்களில் ஒருவர் பற்றவைத்தவுடன் என் வாயில் எச்சில் ஊறுகிறது. கை தானாகவே சாரத்தின் மடிப்பைத் தடவுகிறது. அங்கே பீடிக்கட்டு இல்லை என்ற செய்தி என் கைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

நெருப்புப் பெட்டியைக் கூட வைத்திருக்காதே என்று எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். யானை வெடி கொளுத்துபவனிடம் இதைச் சொல்லி என்ன பயன்? பனியில் நெருப்புக்குச்சி நமுத்துப்போகும், காற்றில் அணைந்துபோகும் என்பதால், எரியும் பீடியின் நுனியால்தான் நாங்கள் பல ஆண்டுகளாக வெடித்திரியைப் பற்றவைத்து வருகிறோம். ஆறாம் நாள் இரவு இரண்டு யானைகள் வாய்க்காலைத் தாண்டிவிட்ட பரபரப்பில், பக்கத்தில் இருந்தவர் நீட்டிய பீடியை வாங்கித் திரியைக் கொளுத்தினேன். யானைகள் காட்டுக்குள் திரும்பிய பின், பீடியை அவரிடம் கொடுப்பதற்கு முன் இரண்டு தடவை இழுத்தும்விட்டேன். அப்படியென்றால் என் கணக்கு மீண்டும் முதலாம் நாளுக்குப் போய்விட்டதா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த இரவுக்குப் பிறகு வெற்றிலையோடு ஒரு துண்டுப் புகையிலையும் சேர்த்துப் போடுகிறேன். தவிப்பு உடனே அடங்குகிறது. புகை உள்ளே போகவில்லை என்பதால் இதனால் கேடில்லை என்று பரணில் உள்ளவர்கள் சொல்கிறார்கள். இது சரிதானா?

பதில்: குளக்கட்டு (இரணைமடு)

தம்பி, நான் 26 ஆண்டுகள் புகைத்து, ஒரு சிறுபோகக் காலத்தில் நிறுத்தியவன். நிறுத்தி இப்போது ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. வெற்றிலைக் கேள்வியை வைத்தியசாலையில் வேலை செய்பவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று இருக்கிறது. உடம்பின் தவிப்பு வேறு, இடத்தின் தவிப்பு வேறு. உடம்பினுடையது சில கிழமைகளில் தளர்ந்துவிடுகிறது. இடத்தினுடையது அந்த இடத்துக்கு நீங்கள் மீண்டும் போகும்வரை அங்கேயே காத்திருக்கிறது. விதைப்பன்று ஒரு பீடி, உரம் எறிந்துவிட்டு வரம்பில் குந்தியிருக்கும்போது ஒன்று, தண்ணீர் மாற்றப் போன இடத்தில் ஒன்று என்று வயல் வேலை ஒவ்வொன்றோடும் ஒரு பீடியை நாங்கள் முடிந்து வைத்திருக்கிறோம். சிறுபோகம் முழுவதையும் புகைக்காமல் கடந்த நான், இனி எனக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன். காலபோக அறுவடை வந்தது. அறுவடை இயந்திரம் எங்கள் வயலுக்கு வரும் முறைக்காக நடுச்சாமம்வரை வாய்க்கால் ஓரத்தில் காத்திருந்தபோது, நிறுத்திய முதல் நாளில் வந்த அதே தவிப்பு எட்டு மாதங்களுக்குப் பிறகு அப்படியே வந்து நின்றது. புகைக்காமல் அந்த இரவைக் கடந்தேன். அடுத்த ஆண்டு அதே இடத்தில் காத்திருந்தபோது அது வந்ததாகவே நினைவில்லை. ஆகவே பரண் உங்களை வருத்துவதைப் பின்னடைவாக எண்ண வேண்டாம். புகைக்காமல் இருக்கும் முதல் காவல் பருவம் இதுதான் என்பதே அதன் பொருள்.

இனி நெருப்பு. பரணுக்குக் கீழே காவல் தீ மூட்டுகிறீர்கள் அல்லவா? அதில் ஒரு பாலைக் கட்டையைத் தணலாகவே வைத்திருங்கள். அவசரத்துக்குத் திரி கொளுத்த அது போதும். தீ மூட்ட வசதியில்லாத இரவில் முறுக்கிய தும்புக்கயிற்றின் நுனியைப் பற்றவைத்துத் தொங்கவிட்டால் அது கனன்றுகொண்டே இருக்கும். முன்பெல்லாம் கடை வாசல்களில் சிகரட் பற்றவைப்பதற்கென்றே அப்படிக் கயிறு தொங்கும். அதே கயிறு இப்போது நீங்கள் புகைக்காமல் இருக்க உதவட்டும். வெடிகளை மட்டும் மூடியுள்ள தகரப் பேணியில் போட்டு, நெருப்புக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். யானை வெடியால் கைவிரல்களை இழந்தவர்கள் உண்டு.

கைக்கும் வாய்க்கும் வேலை கொடுப்பதற்கு நான் புழுக்கொடியலை, அதாவது அவித்துக் காயவைத்த பனங்கிழங்கை, நம்பினேன். காய்ந்த புழுக்கொடியலை முறித்து, நாரை உரித்து, கடித்து, அது வாயில் ஊறி மெல்லும் பதத்துக்கு வருவதற்குள் தவிப்பின் உச்சம் கடந்துவிடும். கச்சான் அதற்குச் சரிவரவில்லை, கண்ணை மூடித் திறப்பதற்குள் சரை காலியாகிவிடுகிறது. சாரத்தின் மடிப்பில் பீடிக்கட்டு இருந்த அதே இடத்தில் புழுக்கொடியல் துண்டுகளைச் சுற்றி வைத்திருந்தேன். கை தேடிப் போகும்போது வெறுமையாகத் திரும்ப வேண்டியதில்லை.

தவிப்பு தொடங்கியவுடன் கைபேசியில் மணியைப் பார்த்துக்கொள்வதும் என் வழக்கமாக இருந்தது. விடியும்வரை நீளும் என்று தோன்றும் தவிப்பு, எண்ணிப் பார்த்தால் ஏழு நிமிடங்களைத் தாண்டியதே இல்லை.

பதில்: வெள்ளைச் சீருடை (வவுனியா)

நான் தாதிய உத்தியோகத்தராகப் பணிபுரிகிறேன். முதலில் வெற்றிலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தவிப்பு உடனே அடங்குவதற்குக் காரணம், புகையிலைத் துண்டிலிருந்து நிக்கொட்டின் வாயின் மென்தோல் வழியாக இரத்தத்தில் சேர்வதுதான்; வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பின் காரத்தன்மை அது இன்னும் விரைவாகச் சேர உதவுகிறது. நீங்கள் நிக்கொட்டினை விடவில்லை, அது உள்ளே போகும் வாசலை மட்டுமே மாற்றியிருக்கிறீர்கள். புகையிலை சேர்க்காமல் போட்டாலும் பாக்கு தீங்கற்றதன்று. பாக்கு மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வகைப்படுத்தியது. வாய்ப் புற்றுநோய் நம் நாட்டு ஆண்களிடையே அதிகம் காணப்படுவதற்கு வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் முக்கிய காரணங்கள். பரணில் உள்ளவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அது தவறு.

ஆறாம் இரவின் இரண்டு இழுப்புகள் உங்கள் கணக்கை அழித்துவிடவில்லை. நிக்கொட்டின் இரத்தத்தில் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போதும். நிறுத்திய பின் வரும் எரிச்சலும் பதற்றமும் இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சத்தை அடைந்து, இரண்டு முதல் நான்கு கிழமைகளில் தணிவது வழக்கம். அந்தப் பாதையில் நீங்கள் நன்றாகவே முன்னேறியிருக்கிறீர்கள். கவனிக்க வேண்டியது வேறொன்று. புகையை உள்ளிழுத்த சில நொடிகளிலேயே நிக்கொட்டின் மூளையை எட்டிவிடுவதால், யானை திரும்பியதும் கிடைத்த நிம்மதியைப் பீடி கொடுத்த நிம்மதியாக மூளை பதிந்துகொள்கிறது. இனி யானை வரும் ஒவ்வொரு தடவையும் அது பீடியை நினைவூட்டும். அதனால்தான் குளக்கட்டு ஐயா சொன்ன கொள்ளிக்கட்டை யோசனை மருந்துக்கு நிகரானது என்று கருதுகிறேன்.

பலர் அறியாத இன்னொரு விடயம் தேநீர். புகையில் உள்ள தார்ப் பொருட்கள் ஈரலின் ஒரு நொதியைத் தூண்டி, தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபீனை விரைவாக வெளியேற்றுகின்றன. புகைத்தலை நிறுத்திச் சில நாட்களில் அந்தத் தூண்டல் நின்றுவிடும். அப்போது முன்பு குடித்த அதே அளவு பிளேன் ரீ உடம்பில் ஏறத்தாழ இரு மடங்கு கஃபீனாகத் தங்குகிறது. கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, நித்திரையின்மை என்று நாம் புகையின்மேல் போடும் பழியில் ஒரு பங்கு உண்மையில் தேநீருக்குரியது. காவலுக்குப் பிளாஸ்கில் கொண்டுபோகும் தேநீரைப் பாதியாக்கி, மீதிக்கு மல்லித் தண்ணீரோ வெறும் சுடுதண்ணீரோ கொண்டுபோய்ப் பாருங்கள். இதே காரணத்தால், தொய்வுக்கு (ஆஸ்துமா) தியோபிலின் மாத்திரை எடுப்பவர்கள் புகைத்தலை நிறுத்தினால் மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்; அந்த மருந்தின் அளவும் இரத்தத்தில் கூடிவிடும்.

தவிப்பைத் தனியாகத் தாங்க முடியாவிட்டால் நிக்கொட்டின் சுவிங்கம் இருக்கிறது. விழித்து 30 நிமிடங்களுக்குள் முதற் சிகரட்டைப் பற்றவைப்பவராக இருந்தவருக்கு 4 மில்லிகிராமும், மற்றவருக்கு 2 மில்லிகிராமும் பொதுவாகப் பொருந்தும். அதைச் சாதாரண சுவிங்கம்போல் மென்றுகொண்டே இருக்கக்கூடாது. நாக்கில் உறைப்புத் தெரியும்வரை மெல்ல மென்று, பின் கன்னத்துக்கும் பல் முரசுக்கும் (ஈறு) இடையில் ஒதுக்கி, உறைப்புக் குறைந்ததும் மீண்டும் மெல்ல வேண்டும். தேநீர், சோடா போன்றவை வாயைப் புளிப்பாக்கி நிக்கொட்டின் சேர்வதைத் தடுப்பதால், மெல்வதற்கு முன் 15 நிமிடங்கள் அவற்றைத் தவிர்க்க வேண்டும். இதுவும் நிக்கொட்டின்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான், ஆனால் அளவு தெரிந்தது, புகையும் பாக்கும் இல்லாதது, சில மாதங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தக்கூடியது. இதய நோயோ வேறு நோய்களோ இருந்தால் மருத்துவரிடம் கேட்ட பின்பே வாங்குங்கள். 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் புகைத்தலை நிறுத்துவது பற்றி ஆலோசனை பெறலாம்.

மூட்டை தூக்கும்போது வாங்கும் மூச்சைப் பற்றி ஒரு சொல். இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்திருந்த காபனோரொட்சைட்டு ஓரிரு நாட்களிலேயே வெளியேறிவிடும். இருமல் மட்டும் சில கிழமைகளுக்குக் கூடினாற்போல் தோன்றலாம். சுவாசக் குழாய்கள் தம்மைத் துப்புரவாக்கும் வேலை அது. சளியில் இரத்தம் கண்டால் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

பதில்: சந்திக்கடை (மாங்குளம்)

நான் சிகரட் விற்பவன். இங்கே எழுத எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது என்று 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது, அதை மீறியதில்லை. பெட்டியின் 80 சதவீதத்தை எச்சரிக்கைப் படம் மூடியிருக்கிறது. ஆனால் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் ஒற்றையாக வாங்குவதால், அந்தப் படத்தை நாள்தோறும் பார்ப்பவன் நான் ஒருவன்தான்.

சொல்ல வந்தது இதுதான். வழக்கமாக வருபவர் ஒரு பிளேன் ரீ என்று கேட்டவுடன், அவர் கேட்காமலே அவருடைய சிகரட்டையும் எடுத்து மேசையில் வைக்கும் பழக்கம் எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கு உண்டு. ஒருவர் ஒருநாள் வந்து, "அண்ணை, நான் விட்டிட்டன், கேட்டாலும் தராதேங்கோ" என்று சொன்னார். மூன்று கிழமைகளுக்குப் பின் அவரே கேட்டார், நான் கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனார், அங்கே கடன் கொப்பி இல்லாததால் வெறுங்கையோடு திரும்பினார். நீங்கள் வழக்கமாகப் போகும் கடையில் இதைச் சொல்லிவிடுங்கள். வியாபாரம் குறையும் என்று யோசிக்க வேண்டாம், அவர் இப்போது தேநீரோடு வடையும் சாப்பிடுகிறார்.

பதில்: அளவோடு (புதுக்குடியிருப்பு)

எல்லோரும் ஒரேயடியாக நிறுத்தச் சொல்கிறீர்கள். நான் நாளுக்கு 15 இலிருந்து 2 ஆகக் குறைத்திருக்கிறேன். தவிப்பும் இல்லை, எரிச்சலும் இல்லை. காவல் இரவுக்கு ஒன்று என்று அளவு வைத்துக்கொண்டால் போதாதா?

பதில்: குளக்கட்டு (இரணைமடு)

நானும் 2 இல் ஓராண்டு நின்றேன். அந்த இரண்டுக்காக நாள் முழுவதும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை நிறுத்திய பின்புதான் உணர்ந்தேன். அறுவடை மாதத்தில் இரண்டு பத்தாகியது. பின் இரண்டுக்குத் திரும்பவே இல்லை. உங்களுக்கு அப்படி ஆகாமல் இருக்கலாம். ஆனால் ஏற்கெனவே 11 நாட்களைக் கடந்த ஒருவரிடம் ஒன்று என்று அளவு சொல்வது, கரையேறியவரை மீண்டும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கச் சொல்வதாகும்.

பதில்: வரம்பு நடப்பவன் (துணுக்காய்)

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இன்று 14 ஆம் நாள். புகையிலையை அன்றே வாய்க்காலில் எறிந்துவிட்டேன். வெற்றிலையையும் விட்டிருக்கிறேன், ஆனால் வாய் இன்னும் தேடுகிறது. புழுக்கொடியலுக்காக வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. கூழுக்கென்று வைத்திருந்த, அவிக்காமல் காயவைத்த ஒடியலைத் தவறுதலாக எடுத்துக்கொண்டுபோய், அதன் கசப்பில் பரணிலிருந்து துப்பியிருக்கிறேன்.

நேற்று இரவு 2 மணியளவில் ஒரு கொம்பன் வந்தது. பாலைக் கட்டைத் தணலில் திரியை வைத்தேன், முதல் முயற்சியிலேயே பற்றியது. யானை திரும்பிய பின் மூவரும் ஒருவர் பின் ஒருவராகப் பற்றவைத்தார்கள். நான் பரணிலிருந்து இறங்கி, ரோச் லைற்றை அடித்துக்கொண்டு, வேலிக் கம்பி அறுந்த இடம்வரை வரம்பில் நடந்துபோய்த் திரும்பினேன். கைபேசியில் பார்த்தபோது ஆறு நிமிடங்கள் ஆகியிருந்தன. ஏறி வந்தபோது புகை மணம் இருந்தது, ஆனால் கை மடிப்புக்குப் போகவில்லை. பின்னர் 4 மணிக்கு ஒரு தடவை போனது.

தேநீரைப் பாதியாக்கியதில் பகல் நித்திரை திரும்பியிருக்கிறது. திங்கட்கிழமை கிளிநொச்சிக்குப் போகும் வேலை உண்டு. மருந்தகத்தில் அந்தச் சுவிங்கத்தைக் கேட்டுப் பார்க்கிறேன். விழித்து முகம் கழுவுவதற்கு முன்பே பற்றவைத்தவன் என்பதால் எனக்குரியது 4 மில்லிகிராம் என்று விளங்கிக்கொண்டிருக்கிறேன். பிழையென்றால் வெள்ளைச் சீருடை அவர்கள் திங்களுக்கு முன் தெரிவிக்கவும்.