நோரா போட்ட கையெழுத்து

தஞ்சாவூர் வாசகி:
எங்கள் வாசகர் வட்டத்தில் போன மாதம் நார்வே நாடகாசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைப் பேசினோம். எதிர்பார்த்தபடியே பேச்சு கடைசிக் காட்சியில் போய் நின்றது: நாடகத்தின் நாயகி நோராவைப் போல, மூன்று பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு தாய் வீட்டைவிட்டுப் போகலாமா? 1879-இல் நாடகம் வந்த நாள்முதல் இதே வழக்குதான். ஜெர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த ஹெட்விக் நீமான்-ராபே, அப்படிப் போகிற தாயாக நடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். பிறர் கைவைப்பதற்கு முன் தானே எழுதிவிடலாம் என்று இப்சன் வேறொரு முடிவை எழுதிக் கொடுத்தார். அதில் நோரா பிள்ளைகளின் அறைவாசலில் துவண்டு விழுகிறாள். அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று பழித்தவரும் அவரே.

வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா பொறுமையிழந்து எழுந்தார். “கடைசிக் காட்சி கிடக்கட்டும், கடன் பத்திரத்தைப் பாருங்கள்” என்றார். நோயாளிக் கணவனை இத்தாலிக்கு அழைத்துப்போக நோராவுக்குப் பணம் வேண்டும். கணவன் சம்மதமில்லாமல் மனைவி கடன் வாங்க முடியாது என்று தோழி லிண்டே முதல் அங்கத்திலேயே சொல்லிவிடுகிறாள். ஜாமீனுக்கு அப்பாவின் கையெழுத்தை நோராவே போடுகிறாள். அப்பா இறந்தது செப்டம்பர் 29. பத்திரத்தில் இருக்கும் தேதி அக்டோபர் 2. “தேதியில் மாட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேரை என் மேசையில் பார்த்திருக்கிறேன்!” என்றார் அந்த அம்மா.

நிஜத்தில் இப்படிக் கடன்பட்ட லாரா கீலர் இப்சனுக்குத் தெரிந்தவர். கணவரின் காசநோய்க்காக வாங்கிய கடன் அது. விஷயம் தெரிந்ததும் கணவர் அவரை மனநோய் விடுதியில் சேர்த்தார், பிள்ளைகளைப் பிரித்தார். பிள்ளைகளைத் தாய் விட்டுப் போகலாமா என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

யாழ்ப்பாண வாசகி:
அக்கா, எங்களுக்கு இது பழைய நார்வேக் கதை அல்ல. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின்கீழ் வரும் மணமான பெண், 1911-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, சீதனமாக வந்த காணியைக்கூடக் கணவரின் எழுத்து மூல ஒப்புதல் இல்லாமல் விற்க முடியாது. சித்தப்பா பிரிந்து போயிருந்த காலத்தில் சித்தி காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனார். நானும் கூடப் போனேன். அவர் மரியாதையாகத்தான் சொன்னார்: “அம்மா, அவருடைய கையெழுத்து வேண்டும்.” சித்தப்பாவுக்கு அந்தக் காணியின் எல்லைகூடத் தெரியாது!

கணவர் கைவிட்டிருந்தால் மாவட்ட நீதிமன்றம் அந்த ஒப்புதலுக்குப் பதிலாக உத்தரவு தரலாம். வழக்குச் செலவுக்குச் சித்தி காப்பை அடகு வைத்தார். நகை அசையும் சொத்து, அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. “அவருடைய கையெழுத்து எனக்கு நன்றாகப் போட வரும்” என்று திரும்பும் வழியில் சொன்னார். பகிடி என்றுதான் அப்போது நினைத்தேன்.

மதுரை வாசகர்:
பெண்ணுரிமைக்காகத் தாம் எழுதவில்லை, மனிதர்களைப் பற்றியே எழுதினேன் என்று 1898-இல் நார்வேப் பெண்ணுரிமைச் சங்க விருந்தில் இப்சனே சொன்னாரே?

தஞ்சாவூர் வாசகி:
சொன்னார், தம்பி. ஆனால் நாடகத்தைத் தொடங்குமுன் 1878-இல் அவர் எழுதிய குறிப்பும் இருக்கிறது: சட்டம் இயற்றுவோர் ஆண்கள், வழக்குத் தொடுப்போரும் தீர்ப்பளிப்போரும் பெண்ணின் நடத்தையை ஆண் கண்ணால் அளக்கிறார்கள் என்று. விருந்துப் பேச்சைவிட இதைத்தான் நான் நம்புவேன்.

தங்கச்சி, சித்திக்கு உத்தரவு கிடைத்ததா?

யாழ்ப்பாண வாசகி:
கிடைத்தது, அக்கா. காணி விற்ற காசில் முதலில் காப்பை மீட்டார்.