பொருள்: 'ஸ்டாண்ட் அப் பேடில் போர்டு' – தமிழில் என்ன சொல்லலாம்?

ஓசூரிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். நீர் விளையாட்டுச் சொற்பட்டியலில் இந்த ஒன்று மட்டும் முடியாமல் நிற்கிறது. பத்துப் பதினோரு அடி நீளப் பலகையில் நின்றுகொண்டு ஒற்றைத் துடுப்பால் ஓட்டுவது. என் பரிந்துரை: பலகைக்கு 'நிற்புணை' (நில் + புணை; புணை என்றால் தெப்பம், சங்கப் பாட்டிலேயே உள்ள சொல்). விளையாட்டுக்கு 'நின்று துடுப்பாட்டம்'. அடியில் இருக்கும் ஃபின்னுக்குத் 'துடுப்பு', ஏனென்றால் மீனின் ஃபின்னைப் பாடநூல் அப்படித்தான் சொல்கிறது. ஆளையும் பலகையையும் இணைக்கும் லீஷுக்குக் 'காற்கயிறு'. காற்றடிக்கும் வகையைக் 'காற்றுமெத்தை' எனலாம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

பென்னாகரத்திலிருந்து:

ஐயா, புணை அழகான சொல். ஆனால் நீங்கள் கொடுத்த ஐந்தில் மூன்று, புதிதாகப் பழகுகிறவருக்குத் தப்பான வேலையைக் கற்றுக்கொடுத்துவிடும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் 'நின்று'. இதில் யாரும் நின்று தொடங்குவதில்லை. முழங்கால் ஆழத்துக்குப் பலகையைத் தள்ளிப் போக வேண்டும். அதற்குக் குறைந்தால் ஃபின் தரையில் தட்டி, ஆள் முன்னால் விழுவார். பலகை நடுவில் தூக்குவதற்கு ஒரு கைப்பிடி இருக்கும். அதற்கு இரு பக்கமும் முட்டி போட்டு, துடுப்பைக் குறுக்கே வைத்து ஏற வேண்டும். முட்டியிலேயே கொஞ்ச தூரம் ஓட்டி, பலகையின் ஆட்டம் உடம்புக்குப் பிடிபட்ட பிறகு, முட்டி இருந்த இடத்தில் ஒவ்வொரு பாதமாக வைத்து எழ வேண்டும். பாதங்கள் தோள் அகலத்தில், விரல்கள் முன்னோக்கி, முட்டி லேசாக மடங்கி. பார்வை தூரத்தில் இருக்கட்டும். குனிந்து பாதத்தைப் பார்த்தால் சாய்வார். எதிர்க்காற்று வலுத்தால் மறுபடி முட்டி போட்டே கரைக்கு வர வேண்டும், ஏனென்றால் நிற்கிற உடம்பு பாய் மாதிரி காற்றை வாங்கும். கிருஷ்ணகிரி அணை மாதிரி திறந்த நீர்ப்பரப்பில் இது முக்கியம். பெயரிலேயே 'நில்' இருந்தால் முட்டி போடுவதைக் குறைவாக நினைப்பார்கள். ஹவாய் மொழிப் பெயரான 'ஹோஎ ஹேஎ நலு'விலும் நிற்பது கிடையாது: துடுப்பு, சறுக்கல், அலை, அவ்வளவுதான்.

'காற்கயிறு' இதைவிட ஆபத்து. அசையாத ஏரியில் கணுக்காலில் கட்டலாம். ஓடும் ஆற்றில் கட்டவே கூடாது. கயிறு பாறையிலோ வேரிலோ சிக்கினால் நீரோட்டம் ஆளைக் கீழே அமுக்கும். அந்த இழுப்பில் குனிந்து கணுக்காலைத் தொடக்கூட முடியாது. ஆற்றில் இடுப்புப் பட்டையில், ஒரே இழுப்பில் கழலும் பிடியோடு மாட்ட வேண்டும். (ஒகேனக்கல் பாறைகளுக்கு நடுவே பழகுவது அப்படியும் வேண்டாம். அங்கே முதலையும் உண்டு. நீர்வரத்து கூடினால் பரிசலையே நிறுத்திவிடுகிறார்கள்.) உடம்பின் எந்தப் பகுதியையும் சொல்லாத 'பிணைகயிறு' போதும்.

'காற்றுமெத்தை' வேண்டவே வேண்டாம். மேல்தாளையும் கீழ்த்தாளையும் உள்ளே ஆயிரக்கணக்கான நூல்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. 12 முதல் 15 பி.எஸ்.ஐ. அழுத்தம் ஏறினால் அது மரப்பலகை போல விறைக்கும். கைப்பம்பில் அடிக்கும்போது தொடக்கத்தில் அளவுமுள் அசையவே அசையாது. முள் கெட்டுவிட்டது என்று பாதியிலேயே நிறுத்துகிறார்கள். அதில் ஏறினால் நடுவில் தொய்ந்து, இரண்டு முனையும் தூக்கிக்கொண்டு, வாழைப்பழம் மாதிரி வளையும். மெத்தை என்று பெயர் வைத்தால் தொய்வதுதான் இயல்பு என்று எடுத்துக்கொள்வார்கள். பலகை என்றே இருக்கட்டும். (அடித்த பலகையைச் சித்திரை வெயிலில் கரையில் போடாதீர்கள், காற்று விரிந்து ஒட்டுகள் விட்டுப்போகும். நிழல் இல்லாவிட்டால் கொஞ்சம் காற்றை இறக்கிவிட வேண்டும்.)

'துடுப்பாட்டம்' என்றால் ஈழத்து வாசகருக்குக் கிரிக்கெட். ஃபின்னும் துடுப்பு, கையில் இருப்பதும் துடுப்பு என்றால் கரையிலிருந்து கத்துகிறவருக்குக் குழப்பம். ஃபின்னுக்கு 'அடிச்சிறகு'.

பலகைக்கு என் சொல்: 'துழாவுபலகை'. வினைத்தொகை, 'ப்' மிகாது. 'துடுப்புப் பலகை' என்றால் துடுப்பின் தட்டையான முனையைச் சொல்கிறோமோ என்று தோன்றும்.

காவேரிப்பட்டினத்திலிருந்து:

அண்ணா, உங்கள் அளவுகோலையே உங்கள் சொல்லுக்கும் வைக்கிறேன். துழாவுவது வட்டமாகச் சுற்றுவது. நம் வீடுகளில் கேழ்வரகுக் களி கிண்டும் கோலும் துடுப்புதான். அதைப் பிடிக்கிற மாதிரி இதைப் பிடித்துச் சுற்றினால் பலகை நேரே போகாது. துடுப்பின் அலகு (தட்டையான முனை) முழுவதும் முன்னால் மூழ்கிய பிறகு நேராக இழுத்து, கணுக்காலுக்கு நேரே வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். அதைத் தாண்டி இழுத்தால் பலகையின் மூக்கு மறுபக்கம் திரும்பும். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும்.

இன்னொன்று. அலகு தண்டிலிருந்து லேசாக வளைந்திருக்கும். அந்தச் சாய்வு முன்பக்கம் பார்க்க வேண்டும். களி அள்ளுகிற கை அதைத் தன் பக்கம் திருப்பிப் பிடிக்கும். அப்படிப் பிடித்தால் இழுப்பின் முடிவில் அலகு தண்ணீரை மேலே தூக்கும். கை வலிக்கும், பலகை நகராது. புதியவர்கள் மிகுதியாகச் செய்யும் தவறு இதுதான்.

துடுப்பு வலிப்பது என்பதிலிருந்து 'வலி' எடுக்கலாமென்று பார்த்தேன். 'வலிபலகை' நோவைத்தான் நினைவூட்டும்.

பென்னாகரத்திலிருந்து:

நியாயம், துழாவை விட்டுவிடுகிறேன். பரிசல்காரர்களிடம் விடை இருக்கிறது. அவர்கள் பரிசலைத் துழாவுவதாகவோ வலிப்பதாகவோ சொல்வதில்லை, 'பரிசல் ஓட்டுறது'தான். பலகையையும் ஓட்டுவோம். விளையாட்டுக்குப் 'பலகையோட்டம்', செய்கிறவர் 'பலகையோட்டி'. கரையில் 'பலகை ஓட்டலாம் வாங்க' என்றாலே விளங்கும்.

ஓசூரிலிருந்து:

நிற்புணையைத் திரும்பப் பெறுகிறேன். பட்டியலை இப்படித் திருத்தியிருக்கிறேன்: ஓட்டுபலகை, பலகையோட்டம், அடிச்சிறகு, பிணைகயிறு, அலகு, தண்டு. முன்முனை மூக்கு, பின்முனை வால்; கடற்கரையில் அணியம், அமரம் என்பார்கள், நம் பக்கம் புழக்கமில்லை. லைஃப் ஜாக்கெட் அப்படியே இருக்கட்டும், ஒகேனக்கல்லில் எல்லார் வாயிலும் இருக்கிற சொல். துடுப்பின் நீளத்துக்குத் தனிச்சொல் தேவையில்லை: விளக்கத்தில் 'ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சாண்' என்று எழுதிவிட்டேன், 8 முதல் 10 அங்குலத்துக்கு அதுவே ஒத்துவருகிறது.

துடுப்பின் மேல்முனைக் கைப்பிடிக் குமிழுக்கு மட்டும் சொல் பாக்கி.