மறுமொழி: பிரேக் காலிப்பருக்குத் தமிழ்ச்சொல் – ‘கொடிறு’ என்னும் முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சக்கரத்தோடு சுழலும் தட்டை இருபுறமும் பற்றி அழுத்தி வண்டியை நிறுத்தும் உறுப்பே பிரேக் காலிப்பர். அதற்கு இதுவரை தடைக்கவ்வி, இடுக்கி, குறடு, உருளையகம் என்று நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. பட்டியலில் வைத்துப் பார்க்கும்போது நான்குமே பொருத்தமாகத்தான் தெரிகின்றன. ஆனால் தமிழில் வரவிருக்கும் நமது வாகனப் பராமரிப்பு நூலுக்காக நாம் ஆக்கும் சொல், வேலையை விளக்கும் பத்தியில் பக்கத்துச் சொற்களோடு முட்டாமல் நிற்க வேண்டும். ஆகவே நமது நூலின் பிரேக் இயலில் வரவிருக்கும் ஒரு வேலையையே எடுத்துக்கொண்டு, அதில் இந்தச் சொற்களைப் பொருத்திப் பார்த்தேன். 1.6 லிட்டர் எஞ்சின் கொண்ட முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முன்சக்கரங்களுக்கு நான்கு பிஸ்டன் காலிப்பர் மாட்டுவதே அந்த வேலை. 1989இல் அறிமுகமான இந்தச் சிறிய ஸ்போர்ட்ஸ் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்கள் பரவலாகச் செய்துகொள்ளும் மாற்றம் இது.

முதலில், காரோடு வரும் அமைப்பைப் பார்ப்போம். முன்பக்கத் தட்டின் விட்டம் 235 மி.மீ. காலிப்பரில் இருப்பது 51 மி.மீ விட்டமுள்ள ஒரே ஒரு பிஸ்டன், அதுவும் தட்டின் உட்புறத்தில் மட்டுமே. மிதியை அழுத்தினால் பிரேக் எண்ணெய் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் உட்புறப் பேடை, அதாவது தட்டோடு உராயும் பட்டையை, தட்டின்மேல் அழுத்துகிறது. தட்டு விலகிக் கொடுக்காது என்பதால், அதே விசை காலிப்பரின் உடலை எதிர்த்திசையில் தள்ளுகிறது. இரண்டு முளைகளின் (உருண்டையான கம்பிகளின்) மேல் நழுவி நகரும் அந்த உடல், வெளிப்புறப் பேடையும் இழுத்துக்கொண்டு வந்து தட்டின் மறுபக்கத்தில் அதே விசையோடு அழுத்துகிறது. அதாவது இந்த வகையில் பாதி வேலையைச் செய்வது பிஸ்டன் அன்று, உடலே.

மாற்றாக வரும் நான்கு பிஸ்டன் காலிப்பரில் உடல் அசையாது. அது தாங்கியோடு இறுக்கமாக முடுக்கப்பட்டிருக்கும். தட்டின் இருபுறமும் இரண்டிரண்டு பிஸ்டன்கள் எதிரெதிரே நின்று நெருக்கும். பிஸ்டன்கள் நான்காகிவிட்டதால் பிடிக்கும் விசையும் நான்கு மடங்காகும் என்று எண்ணுபவர்கள் ஏராளம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். 51 மி.மீ பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 2,043 சதுர மி.மீ. மாற்றுக் காலிப்பரில் 35 மி.மீ பிஸ்டன்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒருபக்கத்து இரண்டை மட்டுமே கணக்கில் சேர்க்க வேண்டும், ஏனெனில் மறுபக்கத்து இரண்டும் அவற்றுக்கு எதிர்விசையாக நிற்பவை. முன்னர் உடல் செய்த வேலையை இப்போது அவை செய்கின்றன. அந்த இரண்டின் பரப்பு 1,924 சதுர மி.மீ. ஒரே எண்ணெய் அழுத்தத்தில் நான்கு பிஸ்டன் காலிப்பர் பழையதைவிட ஆறு விழுக்காடு குறைவாகவே பிடிக்கும் என்பதுதான் விடை. இதில் குறையொன்றும் இல்லை. இந்த மாற்றத்தால் கிடைக்கும் பயன், புதிய காலிப்பரோடு சேர்த்து மாட்டும் பெரிய தட்டு கூடுதல் வெப்பத்தைத் தாங்குவது, உடல் விறைப்பாக இருப்பதால் மிதி உறுதியாக உணரப்படுவது, பேடுகள் சீராகத் தேய்வது, பந்தயத்துக்கேற்ற பேடுகளைத் தேர்ந்தெடுக்க முடிவது ஆகியவைதாம். மாறாக 44 மி.மீ பிஸ்டன்கள் கொண்டதை வாங்கினால் பரப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். மிதி ஆழமாக இறங்கும். பின்சக்கரங்கள் தம் பங்கைச் செய்வதற்குள் முன்சக்கரங்கள் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். நிற்கும் தொலைவு குறைவதற்குப் பதிலாகக் கூடவும் செய்யலாம்.

உருளையகம் என்ற சொல்லை நான் ஏற்காததற்குக் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அது காலிப்பரைப் பிஸ்டன்கள் குடியிருக்கும் வெறும் கூடாகக் காட்டுகிறது. அந்தப் பெயரோடு பழகும் வாசகர் பிஸ்டன்களை மட்டுமே எண்ணுவார். நகரும் வகையில் முளைகள் துருப்பிடித்து உடல் நகராமல் போனால் உட்புறப் பேடு மட்டும் தேய்ந்து தீர்வதும், வெளிப்புறப் பேடு ஏறக்குறையப் புதிதாகவே இருப்பதும் ஏன் என்று அவருக்கு விளங்காது. பிஸ்டன் பழுது என்று எண்ணி அதைக் கழற்றிக்கொண்டிருப்பார். தேவைப்பட்டதோ முளைகளைத் துடைத்து, அதற்குரிய மசகைத் தடவுவது மட்டும். இரண்டு பக்கமும் நெருங்கிவந்து பற்றும் ஒன்று என்ற எண்ணத்தைப் பெயரே தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த எண்ணத்தை மற்ற மூன்று சொற்களும் தருகின்றன. அவற்றில் இடர் வேறு இடத்தில் இருக்கிறது. பொருத்தும் வேலையை வரிசையாகச் சொல்கிறேன்.

பழைய காலிப்பரைக் கழற்றும் முன், எண்ணெய் முழுவதும் வடிந்துவிடாமலிருக்க நெகிழ்குழாயை ஒரு கவ்வியால் மெல்ல நெருக்கி வைப்பவர்கள் உண்டு. தாங்கியின் மரைகளை எடுத்ததும் காலிப்பரைக் குழாயில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் சுருள்வில்லோடு கட்டிவைக்க வேண்டும். தொங்கினால் குழாயின் உள்ளிழைகள் அறுந்துபோகக்கூடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பேடுகளைப் பிடித்திருக்கும் ஊசிகளை உருவுவதற்குக் குறடு வேண்டும். புதிய தாங்கியை மாட்டித் தட்டை ஏற்றியபின், நிலைவகைக் காலிப்பர் தட்டுக்கு நடுவே சரியாக அமர்கிறதா என்று பார்க்க, இருபுறமும் உள்ள இடைவெளியை வெர்னியர் என்னும் அளவுகருவி கொண்டு அளந்து, ஒருபக்கம் கூடுதலாக இருந்தால் மெல்லிய வளையங்களைச் செருகிச் சரிசெய்ய வேண்டும். நகரும் வகை தன் நடுவைத் தானே தேடிக்கொள்ளும். நிலைவகைக்கு அந்த வசதி இல்லை.

இப்போது சொற்களைப் பொருத்திப் பாருங்கள். தடைக்கவ்வி என்று எழுதினால், கவ்வியைக் கழற்றும் முன் கவ்வியால் குழாயை நெருக்குக என்றாகிவிடும். குறடு என்று எழுதினால், குறட்டைக் கொண்டு குறட்டின் ஊசியை உருவ வேண்டியிருக்கும். இடுக்கி என்றால் சிக்கல் கடலைத் தாண்டியும் போகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வெர்னியர் அளவி என்று வழங்குவதை இலங்கையில் வேணியர் இடுக்கி என்கிறார்கள். யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர் நம் நூலைப் படித்தால், இடுக்கியின் இடைவெளியை இடுக்கியால் அளப்பதாக அவருக்குப் படும். அளக்கும் கருவிக்கும் பிரேக் உறுப்புக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் இருப்பதால் நாமும் ஒரே பெயரிட வேண்டியதில்லை.

ஆகவே நான் முன்மொழிவது கொடிறு என்ற சொல். இது பற்றுக்குறட்டுக்கு வழங்கிய பழைய பெயர். பெரும்பாணாற்றுப்படை நண்டின் கவைத்த காலைக் கொல்லனின் கொடிற்றுக்கு ஒப்பிடுகிறது. 1077ஆம் குறளில் இதே சொல் கன்னத்தையும் தாடையையும் குறிக்கிறது. பற்றும் கருவி, நெருங்கி மூடும் தாடை என்ற இரண்டு பொருளும் ஒரே சொல்லில் அமைந்திருப்பது நமக்கு வேண்டிய எண்ணத்தை அப்படியே தருகிறது. இன்றைய பட்டறையில் வேறெந்தப் பொருளும் இந்தப் பெயரைத் தாங்கியிருக்கவில்லை என்பதால் மேலே காட்டிய மோதல்களும் எழுவதில்லை. வேற்றுமை உருபு ஏற்பதிலும் இடரில்லை. கயிறு கயிற்றை என்றாவதுபோலக் கொடிறு கொடிற்றை, கொடிற்றின், கொடிற்றுக்கு என்று வரும். இதற்கென்று தனி இலக்கணம் எவரும் படிக்க வேண்டியதில்லை. கூட்டுச்சொற்களும் எளிதில் அமைகின்றன: உடல் நகர்வது நகர்கொடிறு, நகராதது நிலைக்கொடிறு, அதைத் தாங்குவது கொடிற்றுத் தாங்கி.

முன்னே தடை என்று சேர்க்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். வேகத்தடை என்றதும் மக்கள் மனத்தில் தோன்றுவது சாலையில் எழுப்பிய மேடு. பிரேக் என்ற சொல் தமிழரின் நாவில் நிலைத்துவிட்டது. அதைப் பெயர்க்க முயன்றால் புதிய சொல்லும் நிலைக்காது, பழைய சொல்லும் குழம்பும். பிரேக் கொடிறு என்பதே போதும். பிஸ்டன், பேடு ஆகியவற்றையும் இதே காரணத்தால் அப்படியே வைத்திருக்கிறேன்.

வழக்கொழிந்த சொல்லை ஏன் தோண்டியெடுக்க வேண்டும், பட்டறையில் எல்லோரும் காலிப்பர் என்றுதானே சொல்கிறார்கள் என்று சென்ற மடலில் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பட்டறைக்காரர் காலிப்பர் என்று சொல்வதை மாற்ற நமக்கு உரிமையும் இல்லை, தேவையும் இல்லை. ஆனால் உறுப்பின் பெயரைக் கேட்டவுடன் அதன் செயல் விளங்க வேண்டியவர், அதை முதன்முறையாகத் தமிழில் படித்துப் புரிந்துகொள்ள முயலும் மாணவர். அவருக்குக் காலிப்பர் வெறும் ஒலி. இயலின் தொடக்கத்தில் இரண்டு பெயரையும் ஒருமுறை சேர்த்துச் சொல்லிவிடுவோம். சொல்லடைவிலும் இரண்டையும் தருவோம். எஞ்சிய இடமெங்கும் கொடிறு என்றே எழுதுவோம்.

இச்சொல்லுக்கு இன்னொரு கடினமான சோதனையையும் வைத்துப் பார்த்தேன். நான்கு பிஸ்டன் கொடிறுகளில் சிலவற்றில் பிஸ்டன்கள் ஒரே அளவாக இருப்பதில்லை. சுழலும் தட்டு கொடிற்றுக்குள் நுழையும் முனையில் சிறியதும், வெளியேறும் முனையில் பெரியதும் இருக்கும். பேடு ஒருபக்கமாகச் சரிந்து தேயாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. இந்த முனைகளை நுழைவாய் என்றும் விடுவாய் என்றும் அழைக்கலாம்; தாடை என்ற பொருளோடு வாய் என்ற சொல் இயல்பாகச் சேர்கிறது. இடக்கொடிற்றை வலப்புறம் மாட்டிவிட்டால் இந்த வரிசை தலைகீழாகும். அதைவிட உடனடியாகத் தெரியும் தவறு ஒன்று உண்டு: எண்ணெயில் சிக்கிய காற்றை நீக்கும் திருகு மேலே இருக்க வேண்டியது கீழே போய்விடும். காற்றுக்குமிழ் எப்போதும் மேலேதான் தங்கும் என்பதால், எத்தனை முறை எண்ணெயை ஓடவிட்டாலும் மிதி பஞ்சுபோலவே இருக்கும். இந்த எச்சரிக்கையை எழுதும்போது ‘காற்றுநீக்கித் திருகு கொடிற்றின் உச்சியில் இருத்தல் வேண்டும்’ என்ற வாக்கியம் தங்குதடையின்றி வந்தது.

சக்கரத்துக்குள் இடம் போதுமா என்று பார்ப்பதற்கு உற்பத்தியாளர்கள் தரும் வரைபடத்தை அட்டையில் வெட்டி, சக்கரத்தின் உட்புறம் வைத்துச் சுழற்றிப் பார்க்கும் வழக்கத்தைப் பற்றித் தனியே எழுதுகிறேன். விளிம்பை மட்டும் பார்த்தால் போதாது. ஆரக்கால்களின் உள்முகம் நிலைக்கொடிற்றின் வெளிப்புறத்தில் உரசுவதே அடிக்கடி நேரும் இடர். அந்த அட்டைக்கு ‘அச்சட்டை’ என்று ஒருவர் எழுதியிருந்தது நன்றாகவே இருக்கிறது.

முடிவாகாமல் இருப்பது ஒரு சொல். நகர்கொடிற்றின் உடல் எதன்மேல் நழுவுகிறதோ அந்த முளைகளுக்கு இப்போதைக்கு நழுவுமுளை என்று எழுதியிருக்கிறேன். நழுவுவது உடலே தவிர முளை அன்று. அதனால் அச்சொல் எனக்கு நிறைவு தரவில்லை. வழிமுளை என்று மாற்றலாமா என்று எண்ணுகிறேன். ஆனால் முளைக்கும் செடியின் நினைவு வருமோ என்ற ஐயமும் இருக்கிறது. எண்ணெய் ஆட்டும் செக்கிலோ, நெசவுத் தறியிலோ, தேர்ச்சக்கரத்திலோ ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பின் மேல் நழுவி ஓடும் இடத்துக்கு உங்கள் ஊரில் வழங்கும் பெயர் ஏதேனும் இருந்தால் தெரிவியுங்கள்.