பொருள்: கராத்தேயில் 'ஸ்டைல்' – பாணியா, மரபா, ஆறா?

மடல் 1

நண்பர்களுக்கு வணக்கம்.

கராத்தே மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். 'ஸ்டைல்' என்ற ஒரு சொல்லில் இரண்டு நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். மூலத்தில் அது மூன்று வேலை பார்க்கிறது. கராத்தே, டேக்வாண்டோ எல்லாம் ஓரிடத்தில் ஸ்டைல். ஷோட்டோகான், கோஜூ-ரியூ, ஷிட்டோ-ரியூ, வாடோ-ரியூ நான்கும் கராத்தேக்குள் ஸ்டைல். ஒரு வீராங்கனை தனக்கென்று வைத்திருக்கும் ஆட்டமும் ஸ்டைல். முதலாவதற்குக் 'கலை' என்று போட்டுவிட்டேன். நடுவில் இருப்பதற்குத்தான் சொல் வேண்டும். 'பாணி' என்று எழுதினேன். படித்துப் பார்த்தவர், ஏதோ நடிகர் நடந்து வருவது போல இருக்கிறது என்கிறார்.

சிக்கலான வாக்கியம் இது (காட்டா என்பது வரிசையாகச் செய்யும் அசைவுகளின் கோவை): "ஷோட்டோகானில் ஹெய்யான் என்பதும் ஷிட்டோ-ரியூவில் பினான் என்பதும் ஒரே ஐந்து காட்டாக்கள்தான், ______ வேறு." கோடிட்ட இடத்தை நிரப்பித் தாருங்கள்.

மடல் 2

அம்மா, 'பாணி' வேண்டவே வேண்டாம். வடசொல்.

மூலத்துக்குப் போவோம். 'ரியூ' என்றால் ஜப்பானியத்தில் நீரோட்டம், ஒழுக்கு. நம்மிடம் ஒழுகு என்ற வினையிலிருந்துதானே ஒழுக்கம் வந்தது? நீர் ஒழுகுவதும் மனிதன் ஒழுகுவதும் தமிழில் ஒரே வினை. ஆனால் 'கோஜூ ஒழுக்கம்' என்றால் நன்னடத்தைச் சான்றிதழ் போலாகிவிடும், ஒப்புக்கொள்கிறேன். எனவே 'ஆறு'. நீரோடும் ஆறும் நடக்கும் வழியும் அதுவே. ஆற்றுப்படை என்ற சொல்லில் நிற்பது வழிதானே? ரியூவின் நீரும் 'கராத்தே-டோ'வில் வரும் டோவின் வழியும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. இப்படி ஒரு பொருத்தம் வேறு எந்த மொழிக்கு வாய்க்கும்?

'கோ' என்றால் வன்மை, 'ஜூ' என்றால் மென்மை. கோஜூ-ரியூவை 'வன்மென்னாறு' எனலாம்.

மடல் 3

ஐயா, "கராத்தேயில் முக்கியமான ஆறுகள் நான்கு" என்று அச்சடித்தால் மாணவன் கணக்குப் புத்தகம் என்று நினைப்பான்.

வன்மை மென்மை என்றதும் எனக்கு வல்லினம் மெல்லினம்தான் ஞாபகம் வந்தது. அப்படியென்றால் இடையினம் யார்? 'வா' என்றால் இணக்கமாம், வாடோ-ரியூவுக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிடலாம். ஷிட்டோ-ரியூவை ஆய்தமாக்கிவிட்டால் வேலை முடிந்தது.

மடல் 4

நான் கராத்தே சொல்லிக்கொடுப்பவன், இலக்கணம் பள்ளியோடு சரி. சொல்லைத் தேடுவதற்கு முன் வேறுபாடு எங்கே இருக்கிறது என்று பார்க்கலாமா?

ஹெய்யான் இரண்டாவதின் தொடக்கம். இரண்டு மாணவர்களை அருகருகே நிறுத்துங்கள். இருவரும் இடப்பக்கம் திரும்புவார்கள், இரு கையும் உயரும். மேலே பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுதான். இப்போது காலைப் பாருங்கள். ஷோட்டோகான் மாணவன் நீளமாக, தாழ்வாக நிற்பான். எடை எழுபது விழுக்காடு பின்காலில், முன்பாதம் முழுக்கத் தரையில். ஷிட்டோ-ரியூ மாணவன் குறுகி நிற்பான். எடை கிட்டத்தட்ட மொத்தமும் பின்காலில். முன்குதிகால் தூக்கியிருக்கும், விரல்களை ஒட்டிய பாதப்பந்து மட்டும் தரையைத் தொடும். இதற்கு நெகோ-ஆஷி, பூனைக்கால் என்று பெயர். எடை இல்லாத கால் என்பதால் அப்படியே உதைக்கலாம். ஷோட்டோகான்காரன் அதற்கு முதலில் எடையை நகர்த்த வேண்டும். ஆனால் அவன் முன்னால் பாய்ந்தால் கூடுதல் தூரம் பாய்வான்.

இதிலும் ஒரு குழப்பம் உண்டு. ஷோட்டோகானில் ஹெய்யான் இரண்டாவது எதுவோ, அதுதான் மற்றவர்களுக்குப் பினான் முதலாவது. ஷோட்டோகானின் ஆசான் ஃபுனாகோஷி முதலிரண்டின் வரிசையை மாற்றிவிட்டார். எண்ணை மட்டும் நம்பி மொழிபெயர்த்துவிடாதீர்கள் அம்மா.

அப்புறம், இந்த நான்கும் ஒரு தாய் பிள்ளைகள் அல்ல. ஷோட்டோகான் ஜப்பானின் ஒகினாவாத் தீவிலுள்ள ஷூரி ஊர் வழி. கோஜூ-ரியூ அங்கேயே நாஹா ஊர் வழி. மூச்சும் சான்சின் என்ற காட்டாவும்தான் அதன் உயிர், பினான் அதன் பழைய பாடத்திலேயே இல்லை. ஷிட்டோ-ரியூ இரண்டுக்கும் வாரிசு: மபுனி கென்வா தன் ஆசிரியர்கள் இட்டோசு, ஹிகாவோன்னா இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்து வைத்த பெயர் அது. வாடோவை நிறுவிய ஓட்சுகா, ஃபுனாகோஷியிடம் கற்றவர். அதற்கு முன்பே ஜூஜுட்சு என்ற ஜப்பானிய மற்போர்க் கலையில் தேர்ந்தவர். அதனால் அடியை நேரே தடுப்பதைவிட உடலை விலக்கித் தவிர்ப்பது அங்கே அதிகம்.

யாரிடம் கற்றார்கள் என்பது ஒன்று, எப்படி நிற்கிறார்கள் என்பது இன்னொன்று. முதலாவது மரபு, இரண்டாவது பாணி. உங்கள் வாக்கியம் கேட்பது கால் நிற்கும் விதத்தை.

மடல் 5

பூனைக்கால் என்றதும் நேற்றிரவு எனக்குத் தூக்கம் போயிற்று.

வெருகு என்றால் காட்டுப்பூனை. தொல்காப்பியத்து மரபியல், குட்டி என்ற இளமைப்பெயருக்கு உரியவற்றில் வெருகையும் எண்ணும். சித்த மருத்துவத்தில் 'வெருகடி' என்று ஓர் அளவு உண்டு: ஐந்து விரல் நுனியும் குவித்து அள்ளும் பொடி. விரல்கள் குவிந்தால் பூனையின் பாதம் போலிருப்பதால் அந்தப் பெயர். வெருகு + அடி. நெகோ + ஆஷி. எழுத்துக்கு எழுத்து அதே சொல்! எடை தாங்காமல் நுனி மட்டும் தொடும் அந்தப் பாதத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? 'வெருகடி நிலை' என்று எழுதுங்கள்.

ரியூவுக்கு 'ஆறு' வேண்டாம் என்றால் 'நெறி'.

மடல் 6

> 'வெருகடி நிலை' என்று எழுதுங்கள்

அருமையான கண்டுபிடிப்பு ஐயா, உண்மையாகவே. ஆனால் பயிற்சி நடுவில் ஆசிரியர் "வெருகடி!" என்று கத்தினால் பையன்கள் யாரை அடிப்பது என்று தேடுவார்கள்.

'நெறி' எனக்கு ஒத்துவரவில்லை. அதில் ஒரு சமயவாடை. "மூன்றாம் ஆண்டில் நெறி மாறினான்" என்றால் மதம் மாறியது போல் இருக்கிறது. 'பள்ளி', 'கூடம்' இரண்டையும் பார்க்கலாமே? ஷோட்டோகானின் 'கான்' கூடம்தான். 'ஷோட்டோ' ஃபுனாகோஷியின் புனைபெயர். அவருடைய பயிற்சிக்கூடத்துக்கு மாணவர்கள் இட்ட பெயர் பிறகு ஆட்டத்துக்கே ஆகிவந்தது. களரியும் அப்படித்தானே? முதலில் இடம், பிறகு கலை.

மடல் 7

'பாணி' வடசொல் என்று தள்ளியவருக்கு ஒரு செய்தி. வடமொழியில் பாணி என்றால் கை. பாணிக்கிரகணம் கைப்பிடித்தல். ஒகினாவாவில் பழைய வழிகளுக்கு என்ன பெயர்? ஷூரி-தே, நாஹா-தே, டொமாரி-தே. 'தே' என்றால் கை! ஷூரிக் கை, நாஹாக் கை. கராத்தே என்பதே முன்பு 'சீனக் கை' என்று எழுதப்பட்டது. அதே ஒலிக்கு 'வெறுங்கை' என்ற எழுத்தை 1936இல் நாஹாவில் கூடிய ஆசிரியர்கள் ஏற்றார்கள். ஆக 'ஷூரிப் பாணி' என்று எழுதினால் தெரியாமலே சரியான மொழிபெயர்ப்பு வந்துவிடுகிறது.

மடல் 8

சிலம்பின் அரங்கேற்று காதையில் வரும் பாணி தாளம், கை அல்ல. கைக்கு அங்கேயே எழிற்கை, தொழிற்கை என்று நல்ல தமிழ் இருக்கிறது. ஒலி ஒத்தால் உறவாகிவிடாது.

மடல் 9

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு மடல்களை எண்ணினேன்: பாணி 5, மரபு 3, நெறி 1, ஆறு 1. பாணி என்றே வைக்கிறேன். முதல் பக்கத்தில் ஆசிரியர் வழியைச் சொல்லும் இடத்தில் மட்டும் 'மரபு' வரும்; வீராங்கனையின் ஸ்டைல் 'ஆட்டம்' ஆகிவிட்டது. அந்த வாக்கியத்தையும் மாற்றிவிட்டேன்: "...ஒரே ஐந்து காட்டாக்கள்தான். முதலிரண்டின் வரிசையும் காலை வைக்கும் பாணியும் வேறு." நெகோ-ஆஷி 'பூனைக்கால் நிலை'.

மடல் 10

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. வெருகடியை அடைப்புக்குறிக்குள்ளாவது போட்டிருக்கலாம்.

அது போகட்டும். 'காட்டா'வை ஏன் யாரும் தொடவில்லை? தமிழில் காட்டா என்றால் காட்டாத. "மாணவன் காட்டாவைக் காட்டினான்" என்று எழுதப் போகிறீர்களா? அடவு என்று ஒரு சொல் இருக்கிறதே.

மடல் 11

ஐயா, அடவு நல்ல சொல்தான். ஆனால் அது ஒரு துண்டு அசைவு, காட்டா முழுக்கோவை. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் பேசலாமா?