மறு: சாட்டிலைட் செல்லுக்குத் தமிழ்ச்சொல்: ‘துணைக்கோள்’ வேண்டாம், ‘உடனுறைகலம்’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். தசையும் இதயமும் கருவில் உருவாவதை ஆராய்ந்த உயிரியலாளர் மார்கரெட் பக்கிங்ஹாம் பற்றி மேல்நிலை மாணவர்களுக்காக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதிவரை தடையில்லாமல் வந்தது. தசையின் சாட்டிலைட் செல் என்ற இடத்தில் நின்றுவிட்டது. போன வாரம் இங்கே கேட்டதற்கு நான்கு சொற்கள் வந்தன: துணைக்கோள் செல், தசைக் குருத்தணு, கன்றணு, ஒண்டுகலம். நான்கையும் கையில் வைத்துக்கொண்டு அவருடைய ஆய்வுகளை மறுபடி படித்தேன். படிக்கப் படிக்க என் எண்ணம் இரண்டு முறை மாறியது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். எலும்போடு இணைந்த தசையில் ஒவ்வொரு நாரும் ஒரே நீண்ட செல். பல சிறு செல்கள் ஒன்றோடொன்று கலந்து உருவானது என்பதால் அதற்குள் நூற்றுக்கணக்கில் உட்கருக்கள் இருக்கும். நாரைச் சுற்றி அதன் செல் சவ்வு, அதற்கும் வெளியே அடிப்படலம் என்ற மெல்லிய போர்வை. 1961இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் அலெக்சாண்டர் மவுரோ தவளையின் கால் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, இந்தச் சவ்வுக்கும் போர்வைக்கும் நடுவில் சில சின்னஞ்சிறு செல்கள் செருகி வைத்ததுபோல் இருப்பதைக் கண்டார். சாதாரண நுண்ணோக்கியில் அவற்றின் உட்கருவை நாரின் ஓரத்து உட்கருக்களிலிருந்து பிரித்தறிய முடியாது. அவற்றுக்கு சாட்டிலைட் செல் என்று பெயர் வைத்தார். தசை மறுபடி வளர்வதற்கும் இவற்றுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அப்போதே ஊகித்தார். ஆனால் பெயரில் அந்த ஊகத்தை ஏற்றவில்லை. எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே பெயர் சொல்கிறது. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இனி வந்த சொற்கள்.

> துணைக்கோள் செல் என்றே வைக்கலாம், எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். துணைக்கோள் சுற்றிவரும், இந்தச் செல் எதையும் சுற்றுவதில்லை. இன்னொன்று, சாட்டிலைட் என்ற சொல்லே வானத்தில் பிறந்ததன்று. லத்தீனில் அது பெரிய மனிதரின் பக்கத்தில் நிற்கும் ஏவலரை, மெய்க்காப்பாளரைக் குறித்த சொல். 1611இல் கெப்ளர் அதை வியாழனின் நிலவுகளுக்குக் கடன் வாங்கினார். நாம் நிலவு வழியாக மொழிபெயர்த்தால் இரவல் உவமையைத் தசைக்குள் கொண்டுபோய்ப் பொருத்துகிறோம். ‘பக்கத்திலேயே இருப்பது’ என்ற அடிப்பொருள்தான் நமக்கு வேண்டும்.

> அது தசையின் ஸ்டெம் செல்தானே? தசைக் குருத்தணு போதும், புதுச்சொல் எதற்கு?

இதற்குத்தான் நான் அதிகம் தடுமாறினேன். இன்று பார்த்தால் சரிதான், அது தசையின் குருத்தணு, அதாவது பெருகிப் புதிய தசையை உருவாக்கும் மூலச் செல். ஆனால் அதை நிறுவ எத்தனை ஆண்டுகள் ஆயின என்று பாருங்கள். வளரும் எலிகளில் இந்தச் செல்கள் பிரிந்து, பிறகு அவற்றின் உட்கருக்கள் நாருக்குள் போய்ச் சேர்கின்றன என்று மாஸும் லெப்ளோண்டும் காட்டியது 1971இல். இந்தச் செல்களுக்கு பாக்ஸ்7 என்ற மரபணு வேண்டும் என்று தெரிந்தது 2000இல். ஒரே ஒரு நாரை, அதன்மேல் ஒட்டியிருந்த ஏழெட்டுச் செல்களோடு இன்னொரு சுண்டெலியின் தசையில் வைத்தால் நூற்றுக்கு மேற்பட்ட புதிய நார்கள் உருவாகும் என்று தெரிந்தது 2005இல். வளர்ந்த சுண்டெலியில் பாக்ஸ்7 செல்களை மட்டும் அழித்துவிட்டால் அடிபட்ட தசை திரும்ப வளராது என்று தனித்தனிக் குழுக்கள் காட்டியது 2011இல். ‘சாட்டிலைட் செல்லே தசையின் குருத்தணு’ என்ற ஒரு வாக்கியத்துக்கு ஐம்பது ஆண்டு உழைப்பு. இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல்லை வைத்தால் அந்த வாக்கியம் ‘தசைக் குருத்தணுவே தசைக் குருத்தணு’ என்றாகிவிடும். மாணவருக்கு அங்கே ஒரு கண்டுபிடிப்பு நடந்ததே தெரியாமல் போய்விடும். ஆகவே இரண்டு சொல் வேண்டும்.

அடுத்தது கன்றணு. இதைப் பரிந்துரைத்த கும்பகோணத்து அக்காவுக்கு என் நன்றி. படித்தவுடன் மனம் அதில்தான் போய் நின்றது. வாழையின் பக்கக்கன்று! தாய்மரம் சாய்ந்தால் பக்கத்தில் காத்திருந்த கன்று எழுந்து நிற்கும். இடமும் சொல்கிறது, வேலையும் சொல்கிறது, நம் தோட்டத்திலிருந்தே வருகிறது. இரண்டு நாள் கட்டுரை முழுக்க கன்றணு என்றே எழுதினேன்.

பிறகு பக்கிங்ஹாமின் 2005ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு வந்தேன். அங்கேதான் கன்று நிற்கவில்லை.

அவரைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். 1945இல் பிறந்தவர், ஸ்காட்லாந்தில் வளர்ந்தவர், ஆக்ஸ்போர்டில் படித்தவர். முனைவர் பட்டம் முடித்துப் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்துக்கு பிரான்சுவா குரோவின் ஆய்வகத்துக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். தொடக்கத்தில் அவர் கருவைப் பார்க்கவில்லை. வளர்ப்புத் தட்டில் தசைச் செல்கள் ஒன்றுகலக்கும்போது அவற்றின் தூது ஆர்என்ஏ எவ்வளவு நேரம் அழியாமல் இருக்கிறது என்பதைத்தான் ஆராய்ந்தார். அங்கிருந்து ஆக்டின், மயோசின் என்ற தசைப் புரதங்களின் மரபணுக்கள். அந்த மரபணுக்கள் கருவில் எப்போது, எங்கே விழிக்கின்றன என்ற கேள்வி. அப்படியே சுண்டெலிக் கருவுக்குள் வந்துவிட்டார். கேள்வி இழுத்த பக்கம் போனவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதயத்துக்குள் போனதும் அப்படித்தான். மயோசின் மரபணு ஒன்றை ஆராயச் செய்த சுண்டெலி வகைகளில் ஒன்றில், புகுத்திய மரபணு தற்செயலாக எஃப்ஜிஎஃப்10 என்ற மரபணுவின் அருகே போய் அமர்ந்துவிட்டது. புகுத்திய மரபணு இயங்கும் இடத்தைக் காட்டும் நீலச் சாயம் எதிர்பாராத இடங்களில் ஏறியது. அந்த நீலத்தைப் பின்தொடர்ந்துதான் 2001இல் அவர் குழு, இதயத்தின் ஒரு பகுதி தொண்டைப் பக்கத்து இடைப்படையிலிருந்து (கருவின் நடு அடுக்கு) வந்து சேர்கிறது என்று காட்டியது. அது இன்று ‘இரண்டாம் இதயப் புலம்’ என்று அறியப்படுகிறது. (இங்கே புலம் என்ற சொல் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். அந்தச் செல்கள் உண்மையாகவே புலம்பெயர்ந்து வருகின்றன.) பிரான்சின் தேசிய அறிவியல் ஆய்வு மையமான சிஎன்ஆர்எஸ் 2013இல் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

சரி, 2005க்கு வருகிறேன். கருவின் முதுகோரத்தில் வரிசையாகத் திரளும் உடற்துண்டங்களில் பாக்ஸ்3, பாக்ஸ்7 இரண்டும் இயங்கும் செல்கள் இருக்கின்றன. தசைக்கே உரிய அடையாளம் எதுவும் அவற்றில் இல்லை. பெருகிக்கொண்டே இருக்கும், அவற்றில் ஒரு பகுதி தசை நாராகும், இன்னொரு பகுதி ஆகாமல் மிஞ்சும். பிறப்பு நெருங்கும்போது மிஞ்சியவை அடிப்படலத்துக்குக் கீழே, மவுரோ பார்த்த அதே இடத்தில் போய் அமர்கின்றன. இரண்டு மரபணுக்களும் இல்லாத கருவில் தொடக்கக் காலத்துச் சிறிதளவு தசையோடு வளர்ச்சி நின்றுவிடுகிறது. அதே ஆண்டில் கோழிக் கருவில் கிறிஸ்தோஃப் மார்செல் என்ற ஆய்வாளரின் குழுவும் இந்தச் செல்களின் பிறப்பிடத்தை உடற்துண்டத்திலேயே கண்டது.

அப்படியானால் நாருக்கும் இந்தச் செல்லுக்கும் என்ன உறவு? வாழைக்கன்று தாயின் கிழங்கிலிருந்து முளைக்கிறது. இந்தச் செல் நாரிலிருந்து முளைத்ததில்லை. இரண்டும் ஒரே முன்னோரின் பிள்ளைகள், உடன்பிறப்புகள். கன்றணு என்று வைத்தால், பக்கிங்ஹாம் குழு பாடுபட்டுக் காட்டிய விஷயத்துக்கு நேர் எதிரான ஒன்றைப் பெயரே சொல்லிக்கொடுக்கும். அக்கா மன்னிக்க வேண்டும், மனமில்லாமல்தான் அதை விட்டேன்.

ஒண்டுகலத்துக்கும் இதுவே தடை. ஒண்டுக்குடித்தனம் என்றால் வேறு வீட்டார் வந்து ஓர் அறையில் இருப்பது. ஒண்ட வந்த பிடாரி என்ற பழமொழியும் கூடவே வரும். இது ஒண்ட வந்த செல் இல்லை; அந்த வீட்டில் பிறந்த செல்.

என் பரிந்துரை: உடனுறைகலம். உடன் உறைவது, சேர்ந்து வாழ்வது. கோவில் பலகைகளில் ‘காந்திமதி அம்பாள் உடனுறை நெல்லையப்பர்’ என்று நாள்தோறும் படிக்கும் சொல்தான். வினைத்தொகை ஆகையால் உறைந்த, உறைகிற, உறையும் என மூன்று காலமும் அடங்கும். கருவிலிருந்து முதுமைவரை நாரோடு இருக்கும் செல்லுக்கு அது பொருந்துகிறது. பிறப்பையும் வேலையையும் பற்றி அது வாயைத் திறக்கவில்லை, மவுரோவின் பெயரைப் போலவே. உடன் என்பதில் உடன்பிறப்பு லேசாக ஒலிப்பது கூடுதல் வரவு. ஊறுகாய், சுடுசோறு போல இடையில் ஒற்று மிகாது. செல் என்றும் சேர்க்கலாம், ஆனால் ‘உடனுறைசெல்’ போ என்று ஏவுவதுபோல் ஒலிக்கிறது. செல்லுக்கு இலங்கைப் பாடநூல்கள் வழங்கும் கலம் என்ற சொல் இங்கே நன்றாக உட்கார்கிறது. நரம்பு முடிச்சுகளில் உள்ள சாட்டிலைட் செல்களுக்கும் நரம்பு உடனுறைகலம் எனலாம்.

கருத்துச் சொல்லுங்கள்.

---

அன்புத் தங்கைக்கு,

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். முப்பது வருசம் உயிரியல் படிப்பித்தவன். கலம் என்று எடுத்தது மகிழ்ச்சி. ஆனால் ஒரு ஐயம். தசை நாரைச் சுற்றி குருதி நுண்குழாய்களின் கலங்கள் உண்டு, தொடுப்பிழையத்தின் (இணைப்புத் திசு) நார்க்கலங்கள் (ஃபைப்ரோபிளாஸ்ட்) உண்டு. எல்லாமே நாரோடு சேர்ந்துதான் வாழ்கின்றன. பரீட்சையில் ஒரு பிள்ளை ‘அவையும் உடனுறைகலங்கள்தானே, சேர்?’ என்று கேட்டால் நான் என்ன சொல்ல? சொல் வடிவாக இருக்கிறது. வடிவு மட்டும் போதாது.

---

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

இந்தக் கேள்வி வரவேண்டிய கேள்வி. முந்தாநாள் இரவு முழுக்க அதோடுதான் இருந்தேன்.

நுண்குழாயின் கலங்களும் நார்க்கலங்களும் அடிப்படலத்துக்கு வெளியே இருக்கின்றன. மவுரோவின் செல் மட்டும் உள்ளே, நாரோடு ஒரே போர்வைக்குள். சாட்டிலைட் செல்லை அடையாளம் காண இன்றுவரை எல்லோரும் முதலில் பார்ப்பதும் அதைத்தான்: அடிப்படலத்துக்குக் கீழே இருக்கிறதா? இதை எழுதும்போதுதான் கவனித்தேன். தமிழில் உறை என்றால் வாழ்தல் மட்டும் இல்லையே. தலையணை உறை, வாள் உறை. உடனுறை என்பதை ‘ஒரே உறைக்குள்’ என்றும் பிரிக்கலாம். உங்கள் பிள்ளைக்கு விடை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது: உறைக்கு வெளியே இருப்பது உடனுறைகலம் ஆகாது. இலக்கணப்படி உறையைப் பெயர்ச்சொல்லாகக் கொண்டால் ‘உடனுறைக்கலம்’ என்று ஒற்று மிகும். நான் வினைத்தொகையாகவே வைத்து ஒற்றில்லாமல் எழுத விரும்புகிறேன். உறை என்ற பொருளைப் பாடம் நடத்துபவர் எடுத்துச் சொல்லலாம்.

சேர்ந்து வாழ்தல் வெறும் முகவரி இல்லை என்பதற்கும் பக்கிங்ஹாமின் ஆய்வகத்திலேயே சான்று உண்டு. அதே 2005இல் அவரும் தீதியே மொந்தராசும் மற்றவர்களும், பாக்ஸ்3 இயங்கினால் பச்சையாக ஒளிரும்படி செய்த சுண்டெலிகளின் தசையிலிருந்து இந்தச் செல்களை நேரடியாகப் பிரித்தெடுத்தார்கள். எடுத்த கையோடு தசைநோய் உள்ள சுண்டெலிக்குச் செலுத்தியபோது அவை தசையை நன்றாகச் சரிசெய்தன. புதிய உடனுறைகலங்களாகவும் தங்கின. அதே செல்களை முதலில் தட்டில் வளர்த்துப் பெருக்கிவிட்டுச் செலுத்தினால் திறன் வெகுவாகக் குறைந்தது. உறைவிடத்தை விட்டு வெளியே வைத்ததும் ஏதோ ஒன்றை இழந்துவிடுகின்றன. தசைச்சிதைவு நோய்க்குச் செல் சிகிச்சை தேடும் எல்லோரையும் இன்றும் வருத்தும் சிக்கல் இது.

அந்த உறைவிடத்தில் செல் சும்மா கிடக்கும் நிலைக்கும் நமக்கு ஒரு சொல் வேண்டும். குவையசென்ஸ் என்பதை உறக்கநிலை என்று எழுதிவருகிறோம். ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையமான சிசிஎம்பியில் ஜோத்ஸ்னா தவன் பல ஆண்டுகளாக இதைத்தான் ஆராய்ந்தார். பிரிவதை நிறுத்திய செல் செயலற்றுக் கிடப்பதில்லை, அந்த நிலையைத் தானே உழைத்துக் காக்கிறது, வேண்டும்போது மீள்கிறது என்று இப்போது அறிகிறோம். எனக்கு அடங்குநிலை பிடித்திருக்கிறது. அப்புறம் தனி இழையில் எழுதுகிறேன்.

கட்டுரையில் நின்றுபோன இடம் இப்போது இப்படி நகர்கிறது, சரிபார்த்துச் சொல்லுங்கள்: “தசை நாரும் அதன் உடனுறைகலமும் கருவில் ஒரே முன்னோடிச் செல்களிலிருந்து பிறந்தவை. நார் உருவானபோது அதில் கலக்காமல் நின்ற செல், அதே உறைக்குள் தங்குகிறது. தசை கிழியும் நாளில் அதுவே பெருகிப் புதிய நாராகிறது. உடனுறைகலமே தசையின் குருத்தணு.”