லாக்கில் பின்னால் நிற்பவர் அவசரப்படுத்தினால்?

கேள்வி:
இங்கிலாந்துக் கால்வாய்களில் நேரோபோட் (குறுகிய நீளப் படகு) வாடகைக்கு எடுக்கிறோம். வழியெல்லாம் லாக்குகள் (நீரை ஏற்றி இறக்கிப் படகை வேறு மட்டத்துக்கு மாற்றும், இரு பக்கமும் கதவுள்ள தொட்டிகள்). பின்னால் காத்திருக்கும் படகுக்காரர்கள் உதவி என்று வந்து, கேட்காமலே பேடிலை (லாக்கில் நீரை விடும் அடைப்புப் பலகையை) முழுக்கத் திறந்துவிடுவதுண்டாமே. தடுத்தால் மரியாதைக் குறைவா? எதிரே படகு வந்தால் யார் முதலில் போவது?

பதில் 1:
தாராளமாகத் தடுங்கள். உள்ளே படகு இருக்கும்போது, சுக்கான் பிடிப்பவர் கைகாட்டாமல் யாரும் பேடிலைத் தொடக்கூடாது. ஏறும்போது முதலில் கரையோர கிரவுண்ட் பேடில், அதுவும் பாதிதான். படகு முன்னும் பின்னும் இழுபடுவது அடங்கிய பிறகு மீதி. கேட் பேடில் மேல்கதவிலேயே இருக்கும். அதன் வாய் நீரில் மூழ்குமுன் திறந்தால் தண்ணீர் நேராக முன்தளத்தில் கொட்டி, படகின் முன்கதவு வழியே உள்ளே புகும். படகே மூழ்கலாம். இத்தனை ஆபத்தும் ஓரிரு நிமிடம் மிச்சம் பிடிக்கத்தான்!

அவசரக்காரரிடம் வாதாட வேண்டாம், வேலை கொடுங்கள்: "கீழ்க்கதவைச் சாத்தித் தருகிறீர்களா? பேடிலை நான் பார்த்துக்கொள்கிறேன்."

பதில் 2:
லாக் யார் மட்டத்தில் இருக்கிறதோ, அவர் கண்ணுக்கெட்டும் தூரத்தில் வந்தால் அவருக்கே முதல் உரிமை. அவர் வரும்போது நீங்கள் நீரை மாற்றினால் ஒரு லாக் தண்ணீர், சாதாரணமாக ஒரு லட்சம் லிட்டருக்கு மேல், வீண். ஆகவே ஒருவர் நடந்துபோய் வளைவுக்கு அப்பால் பார்த்துவிட்டு வரட்டும். இரு பக்கமும் வரிசை நின்றால் ஏறுவது ஒன்று, இறங்குவது ஒன்று. 14 அடி அகல லாக்கில் இரண்டு நேரோபோட் அருகருகே நிற்கும். பின்னால் படகு தெரிந்தால் காத்திருந்து சேர்ந்து போவதே பண்பு. ஃபாக்ஸ்டன் போன்ற இடங்களில் உள்ள படிக்கட்டு லாக்குகளில் (ஒன்றையொன்று ஒட்டி அடுக்காக அமைந்தவை) லாக் காவலர் சொல்வதே முடிவு. அங்கே சிவப்பு நிறப் பேடிலைத் திறந்த பிறகே வெள்ளை நிறப் பேடில்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இறங்கும்போதும் இதே முறையா?

பதில் 1:
இறங்கும்போதுதான் இன்னும் கவனம் வேண்டும். மேல்கதவுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் திட்டைச் 'சில்' என்பார்கள். சுவரிலுள்ள வெள்ளைக்கோடு அதன் விளிம்பு. பின்முனை கோட்டுக்கு முன்னால் நிற்கிறதா என்று பார்க்காமல் வெளியாள் நீரை இறக்கினால், பின்பாகம் சில்லில் தொங்கி முன்பாகம் அமிழும். அப்படி மாட்டினால் உடனே கீழ் பேடில்களை மூடுங்கள். பிறகு மேல் பேடிலை மெதுவாகத் திறந்து படகை மிதக்க விடுங்கள்.

விண்ட்லஸை (பேடிலைத் திருகும் கைப்பிடியை) சுழல்தண்டில் விட்டு நகராதீர்கள். தண்டைப் பிடித்திருக்கும் கொக்கி நழுவினால் அது சுழன்று பறக்கும்.