ஒரே ஸ்ட்ரக்சர், இரண்டு கோப்புகளில் இரண்டு அளவு: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். ஒரு கேரக்டர், ஒரு 32 பிட் முழு எண், ஒரு 16 பிட் முழு எண் என்ற வரிசையில் மூன்று உறுப்புகள் கொண்ட ஸ்ட்ரக்சரை (பல மதிப்புகளை ஒன்றாக வைக்கும் சி மொழித் தரவு வகை) ஹெட்டர் கோப்பில் (பல சி கோப்புகள் பகிர்ந்துகொள்ளும் அறிவிப்புக் கோப்பு) அறிவித்திருக்கிறேன். ஒரு சி கோப்பில் அதை நிரப்பி, அதன் பாயின்டரை (நினைவக முகவரியை) இன்னொரு சி கோப்பிலுள்ள ஃபங்ஷனுக்கு அனுப்பினால், அங்கே முதல் உறுப்பு மட்டுமே சரியாக வருகிறது. மற்ற இரண்டிலும் பொருளற்ற எண்கள் தெரிகின்றன. ஜிசிசி கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) எந்த எச்சரிக்கையும் தரவில்லை. நினைவகம் எங்கோ சிதைகிறது என்றெண்ணி இரண்டு நாள்களாகத் தேடுகிறேன்.

மறுமொழி 1:
நினைவகம் சிதைந்தால் இவ்வளவு ஒழுங்காகச் சிதையாது. முதல் உறுப்பு தப்பித்திருப்பதுதான் துப்பு. இரு கோப்புகளிலும் சைஸ்ஆஃப் மதிப்பை, அதாவது ஸ்ட்ரக்சரின் பைட் அளவை, அச்சிட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:
நிரப்பும் கோப்பில் 12, படிக்கும் கோப்பில் 7 என்று வருகிறது. ஹெட்டர் ஒன்றுதானே, அளவு எப்படி மாறும்?

மறுமொழி 2:
வழக்கமான அமைப்பில் 32 பிட் எண் 4-இன் மடங்கான முகவரியில் தொடங்க வேண்டும் என்பதால், கேரக்டருக்குப் பின் 3 பைட்டுகளையும், வரிசையாக அடுக்கும்போது அடுத்த ஸ்ட்ரக்சரும் சரியான இடத்தில் விழுவதற்காக இறுதியில் 2 பைட்டுகளையும் கம்பைலர் வெற்றிடமாக விடுகிறது, அதுவே 12. வெற்றிடமே இல்லாவிட்டால் 1, 4, 2 சேர்ந்து 7. ஆகவே படிக்கும் கோப்பில், உங்கள் ஹெட்டருக்கு முன்னால் சேர்க்கப்பட்ட ஏதோ ஒரு ஹெட்டர், வெற்றிடமே விடாமல் உறுப்புகளை அடுக்கச் சொல்லும் '#பிராக்மா பேக்(1)' கட்டளையை எழுதிவிட்டு, பழைய நிலைக்குத் திருப்பாமல் விட்டிருக்கிறது. அந்தக் கட்டளை ஹெட்டரின் முடிவோடு நின்றுவிடாமல், அதன் பின் வரும் எல்லா அறிவிப்புகளையும் பாதிக்கும். ஒவ்வொரு சி கோப்பும் தனித்தனியாகவே கம்பைல் ஆவதாலும், கம்பைல் ஆன கோப்புகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கர் ஸ்ட்ரக்சரின் உள்ளமைப்பை ஒப்பிடுவதில்லை என்பதாலும் பிழை வெளியே தெரியவில்லை. கிளாங் கம்பைலரில் ஓட்டியிருந்தால் எச்சரித்திருக்கும்.

கேட்டவர்:
கண்டுபிடித்துவிட்டேன். பிணையப் பொட்டலத்தை விவரிக்கும் ஹெட்டரில்தான் அந்த வரி இருந்தது. அதை 'புஷ்' (பழைய நிலையைச் சேமிப்பது), 'பாப்' (அந்த நிலைக்குத் திருப்புவது) இரண்டுக்கும் நடுவில் அடைத்தபின் இரு கோப்புகளிலும் 12 வருகிறது.

மறுமொழி 1:
நல்லது. சி மொழியின் சி11 தரநிலை முதல் கிடைக்கும் ஸ்டாட்டிக் அசர்ட் (கம்பைல் ஆகும்போதே ஒரு நிபந்தனையைச் சரிபார்க்கும் வசதி) மூலம் அந்த 12-ஐ ஹெட்டரிலேயே உறுதிசெய்துவிடுங்கள். மறுமுறை கம்பைல் ஆகும்போதே பிடிபடும். இடத்தை மிச்சப்படுத்த மட்டும் பேக் கட்டளையை நாட வேண்டாம். பெரிய உறுப்பை முதலில் வைத்து வரிசையை மாற்றினாலே 12 பைட் 8 ஆகிவிடும். மேலும், பேக் செய்த ஸ்ட்ரக்சரின் உறுப்புக்குப் பாயின்டர் எடுத்துப் படித்தால், ஒழுங்கற்ற முகவரியை ஏற்காத பிராசஸர்களில் நிரல் நின்றுவிடும். அங்கே பைட்டுகளை நகலெடுக்கும் மெம்காப்பி ஃபங்ஷன் கொண்டு நகலெடுப்பதே பாதுகாப்பு.